பறிப்புக் கூலி

தக்காளி விலை விழுகிற ஒவ்வொரு முறையும் தருமபுரியிலிருந்தோ ஒட்டன்சத்திரத்திலிருந்தோ ஒரே வாக்கியம் செய்தித்தாளுக்கு வந்து சேர்கிறது: பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டுப்படியாகவில்லை. கேட்டுப் பழகிய வாக்கியம் என்பதால் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. நின்று யோசித்தால் காய்கறி விவசாயத்தின் கணக்கு முழுவதும் அதற்குள் இருக்கிறது. நாற்றுக்கும் உரத்துக்கும் தண்ணீருக்கும் களையெடுப்புக்கும் போட்ட பணம் ஏற்கெனவே மண்ணுக்குள் போய்விட்டது. அதைத் திருப்பி எடுக்க யாராலும் முடியாது. பறிக்கும் நாளின் காலையில் விவசாயி எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுதான் மிச்சம். இன்னும் செலவாகாத பணத்தை, பறிக்க வருகிற பெண்களின் கூலியையும் பெட்டிச் செலவையும் வண்டிச் சத்தத்தையும், இந்தப் பழத்தின் மேல் போடலாமா வேண்டாமா? அன்றைய விலை அந்தத் தொகைக்குக் கீழே இருந்தால் பழம் செடியிலேயே கிடந்து அழுகுவதுதான் நட்டத்தைக் குறைக்கும் வழி. நான்கு மாத உழைப்புக்கு அந்த ஒரு காலையில் தீர்ப்பு எழுதப்படுகிறது, அதுவும் அந்த வயலைக் கண்ணால் பார்த்திராத ஏதோ ஒரு மொத்த மண்டியில்.

விவசாயத்தைச் சீர்திருத்த வருகிற எந்த ஏற்பாட்டையும் இந்தக் காலையில் வைத்துத்தான் உரசிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. நஞ்சில்லா உணவு, மண்வளம், நாட்டு விதை என்று எத்தனை நல்ல சொற்கள் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தாலும், பறிக்கும் நாளில் விவசாயி தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் கேள்வியை அது மாற்றுகிறதா இல்லையா? அமெரிக்காவில் சி.எஸ்.ஏ. என்ற மூன்றெழுத்தில் அறியப்படும் ஏற்பாடு, சமூகம் தாங்கும் வேளாண்மை, அந்தக் கேள்வியை மாற்றுகிறது. ஊர்க்குடும்பங்கள் வசந்தத்திலேயே ஒரு பருவத்துக்கான பணத்தைப் பண்ணையிடம் கொடுத்துவிடுகின்றன. பிறகு இருபது இருபத்திரண்டு வாரங்களுக்கு விளைந்ததில் தங்கள் பங்கை வாங்கிக்கொள்கின்றன. பறிப்புக் கூலி முன்கூட்டியே கொடுக்கப்பட்டுவிட்டது என்பதே இதன் சாரம். ஆகவே அறுவடைக் காலையில் ‘இதைப் பறித்தால் கட்டுப்படியாகுமா’ என்று கேட்க வேண்டியதில்லை. ‘இது பதமாகிவிட்டதா, எத்தனை பேருக்கு வரும்’ என்று கேட்டால் போதும். விற்பனைக்கு முந்திய வேலையாக இருந்த அறுவடை, பங்கீட்டுக்கு முந்திய வேலையாக மாறிவிடுகிறது. இந்த இயக்கத்தில் மெச்சத்தக்கதும் குறைசொல்லத்தக்கதும் இந்த ஒரு மாற்றத்திலிருந்தே கிளைக்கின்றன.

மசாசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், பெர்க்‌ஷயர் குன்றுகளுக்கிடையே சவுத் எக்ரமாண்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள இந்தியன் லைன் பண்ணையில் 1985 இலையுதிர் காலத்தில் ராபின் வான் என் என்பவரும் நண்பர்கள் சிலரும் முதலில் பங்கு போட்டது காய்கறியை அன்று, ஆப்பிளை. சுவிட்சர்லாந்தில் இத்தகைய பண்ணையில் இருந்துவிட்டு வந்த யான் வாண்டர் டுயின் இந்த யோசனையை அவர்களிடம் கொண்டுவந்திருந்தார். ஒரு தோட்டத்து ஆப்பிளை முப்பது பங்காகப் பிரித்துப் பழமாகவும் சாறாகவும் காடியாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்த கோடையில் காய்கறிக்கு வந்தார்கள். நடவுக்கோ களையெடுப்புக்கோ அல்லாமல், விளைந்து நின்ற ஒரு பயிரின் அறுவடைக்குத்தான் இந்த முயற்சி முதலில் ஆள் கூட்டிப் பார்த்தது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதாவது இந்த இயக்கம் அமெரிக்க மண்ணில் தொடங்கியதே ஒரு பறிப்பிலும் ஒரு பங்கீட்டிலும்தான். அவர்கள் காய்கறிக்கு வந்த அதே 1986இல் நியூ ஹாம்ப்‌ஷயரில் டெம்பிள்-வில்டன் சமூகப் பண்ணை தொடங்கியது. அங்கே பங்குக்கு விலைகூடக் கிடையாது. ஆண்டின் தொடக்கத்தில் பண்ணையின் செலவுப் பட்டியல் உறுப்பினர் முன்னால் வைக்கப்படும்: விதை, தீவனம், எந்திரப் பழுது, உழுகிறவர்களின் குடும்பச் செலவு. ஒவ்வொரு வீட்டாரும் தங்களால் இவ்வளவு முடியும் என்று ஒரு தொகையைச் சொல்ல வேண்டும். கூட்டிப் பார்த்துக் குறைந்தால் மறுபடி ஒரு சுற்று. தொகை நிரம்பியபின் யார் எவ்வளவு கொடுத்தார் என்பதற்கும் யார் எவ்வளவு காய் எடுத்துப் போகிறார் என்பதற்கும் தொடர்பு இல்லை, தேவைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

அறுவடை நாளை அருகில் போய்ப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் கொள்கை அங்கே கைவேலையாக மாறுகிறது. பெர்க்‌ஷயர் பக்கம் ஜூலையில் ஐந்தரை மணி வாக்கில் சூரியன் எழும்பிவிடும். அதற்கு முன்பே லெட்டூஸ் பாத்தியில் கத்தி இறங்க வேண்டும். வெயில் ஏறிய இலை தன் நீரை விட்டுவிட்டுத் துவண்டு நிற்கும். அறுத்த பிறகும் அது மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கும், வெப்பம் பத்து டிகிரி கூடினால் அந்த மூச்சு இரண்டு மூன்று மடங்கு வேகமாகும், தன்னைத்தானே தின்று தீர்க்கும். வயலின் சூட்டை இலையிலிருந்து எடுப்பதுதான் காலைவேலையின் பாதி. ஆகவே கீரைவகைகள் முதலில், குளிர்ந்த நீர்த்தொட்டியில் நேராக முக்கி எடுத்து, நிழலுக்கு. அடுத்து கேரட், பீட்ரூட் போன்ற கிழங்குகள். பீன்ஸுக்கு மட்டும் காத்திருக்க வேண்டும். பனி உலராத செடிக்குள் ஆள் நடந்தால் இலைநோய் ஒரு செடியிலிருந்து மறுசெடிக்குக் கையோடு போய்விடும். தக்காளியும் பனி காய்ந்த பிறகுதான்; அதைக் குளிர் அறைக்குள் வைத்தால் மணம் செத்துப்போகும் என்பதால் அதற்குத் தனி இடம். எதை முதலில் எடுப்பது என்பதை இலையின் உடம்பும் காயின் தோலும் தீர்மானிக்கின்றன. மண்டிக்குப் போகிற பண்ணையிலும் இதே உடற்கூறுதான். அங்கே அதற்கு மேல் இன்னொரு எசமான் உண்டு, லாரி கிளம்புகிற நேரம்.

சார்ட் என்ற கீரையை எடுத்துக்கொள்வோம். பீட்ரூட்டின் உறவு, தண்டு சிவப்பும் மஞ்சளுமாக இருக்கும். அறுப்பவர் செடியின் முன் குனிந்து வெளிவட்டத்து இலைகளை மட்டும் அடித்தண்டோடு ஒடித்து இடக்கையில் சேர்க்கிறார். நடுக்குருத்தில் நான்கைந்து இலை நிற்க வேண்டும், அடுத்த வாரத்துக் கட்டு அதிலிருந்துதான் வரப்போகிறது. எட்டோ பத்தோ இலை சேர்ந்ததும் மணிக்கட்டில் வளையல்போலக் கிடக்கும் ரப்பர் வளையங்களில் ஒன்றை விரலால் உருவி இரண்டு சுற்று. கட்டு கூடையில் விழுகிறது. எடைபோடுவதில்லை. கை நிறைகிற அளவே அளவு, நம் ஊர்க் கீரைக்காரர்களின் பிடியைப்போல. ஆனால் எண்ணிக்கை துல்லியமாக இருக்க வேண்டும். நூறு பங்கு இருந்தால் நூறு கட்டு, தவறிப்போவதற்கு இரண்டு மூன்று கூட. கொட்டகைக் கரும்பலகையில் அன்றைய பயிர்களும் எண்களும் எழுதியிருக்கும்; ஒவ்வொரு கூடை வந்து சேரும்போதும் எண் அழிந்து மாறும். விலை என்று ஒரு எண் அந்தப் பலகையில் எங்கும் இல்லை. அதில் இருப்பது ஆள்கணக்கு மட்டும். அறுக்கிறவரின் குனிந்த முதுகு எத்தனை வீட்டு அடுப்புக்காகக் குனிகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. மண்டிக்கு அறுக்கிறவருக்கு அது தெரியவே தெரியாது.

நூறு பங்குக்கு எழுபது காலிஃபிளவர்தான் தேறியது என்றால் என்ன செய்வது? இங்கேதான் பங்கு என்ற சொல்லுக்கு வேலை வருகிறது. பாதிப்பேருக்கு இந்த வாரம், மீதிப்பேருக்கு வரும் வாரம் என்று முறைவைப்பார்கள். அல்லது மேசையில் காலிஃபிளவரையும் பிராக்கோலியையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, இரண்டில் ஒன்று என்று எழுதிவைப்பார்கள். தமிழில் பங்காளி என்ற சொல்லைத் தற்செயலாகவா இரண்டு பொருளில் வைத்திருக்கிறோம்? சொத்தில் உரிமை உள்ள உறவினனும் அவனே, வழக்குக்கு நிற்கிறவனும் அவனே. பகிர்வது எளிதென்று நம் மொழி ஒருபோதும் சொன்னதில்லை. தரம் பிரிப்பதும் இங்கே வேறு மாதிரி. மண்டியில் முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு. கல்லில் முட்டி இரண்டு காலாகப் பிரிந்த கேரட் அங்கே கழிவுக்குப் போகும், அது சுவையில் எந்தக் குறையும் இல்லாததாக இருந்தாலும். பங்கீட்டில் தின்ன முடியுமா முடியாதா என்பது ஒன்றே தரம். ஜப்பானில் 1971இல் உருவான இயற்கை வேளாண் சங்கமும் அதன் நிறுவனர் இச்சிராகு தெருவோவும் முன்வைத்த தெய்க்கெய் என்ற ஏற்பாட்டில் இது எழுதப்பட்ட கொள்கையாகவே இருக்கிறது: விவசாயி விளைவித்தது முழுவதையும் நுகர்வோர் ஏற்றுக்கொள்ள வேண்டும், கோணலும் சிறுத்ததும் உட்பட. பூச்சிமருந்தும் ஆலைக்கழிவும் உணவுக்குள் வந்துவிட்டதென்று அஞ்சிய நகரத்துத் தாய்மார்கள் 1970களில் அந்த நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டார்கள். சொத்தை இல்லாத கத்திரிக்காய்க்கு மருந்தடித்தே ஆக வேண்டும் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

முதல் மறுப்பு இங்கேதான் எழும். எல்லாவற்றையும் பறித்து எல்லாவற்றையும் கொடுத்தால், வயலில் அழுகியது வீட்டுச் சமையலறையில் அழுகும், அவ்வளவுதானே மாற்றம்? சுக்கினி இந்த மறுப்புக்கு நல்ல சாட்சி. பூசணி இனத்துக் காய், கோடையின் உச்சத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை பறிக்காவிட்டால் கை நீளத்துக்கு வளர்ந்து முற்றிவிடும். முற்றவிட்டால் செடி காய்ப்பதைக் குறைத்துக்கொள்ளும். எனவே வேண்டுமோ வேண்டாமோ பறித்தே தீர வேண்டும். ஆகஸ்டில் ஒவ்வொரு பங்கிலும் நாலு ஐந்து சுக்கினி ஏறிக்கொண்டே இருக்கும். இத்தகைய பண்ணைகளை விட்டு விலகும் உறுப்பினர்கள் சொல்லும் காரணங்களில் இதற்கு முக்கிய இடம் உண்டு: சமைத்துத் தீரவில்லை, தெரியாத காயாக வருகிறது, எறியும்போது குற்ற உணர்வு வருகிறது. இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இரண்டு அழுகலும் ஒன்றல்ல. வயலில் அழுகும் தக்காளி ஒரு குடும்பத்தின் வருமானத்தோடு சேர்ந்து அழுகுகிறது. சமையலறையில் அழுகும் சுக்கினிக்குக் கூலி கொடுக்கப்பட்டாயிற்று. மேலும் அடுப்படி கற்றுக்கொள்ளக்கூடியது. மிஞ்சியதை வற்றல் போடவும் ஊறுகாய் போடவும் தெரிந்த வீட்டில் மிகுதி ஒரு வாரத்துச் சிக்கல் மட்டுமே. அந்த அறிவு போய்விட்ட வீடுகளில் அதைத் திரும்பக் கொண்டுவருவதும் பண்ணையின் வேலையாகிவிடுகிறது. பங்கோடு சேர்த்து ஒரு தாளில் சமையல் குறிப்பு அச்சிட்டுக் கொடுக்கும் வழக்கம் அங்கே பரவலாக இருப்பது அதனால்தான்.

மிகுதியைப் பகிர்வது எளிய பாதி. இல்லாமையைப் பகிர்வதில்தான் இந்த ஏற்பாடு மெய்யா பொய்யா என்பது தெரியும். 2009 கோடை அமெரிக்காவின் வடகிழக்கில் அப்படி ஒரு சோதனையாக வந்தது. ஜூன் முழுக்க மழையும் குளிரும். பெரிய கடைத்தொடர்களில் வீட்டுத்தோட்டத்துக்கென்று விற்ற தக்காளி நாற்றுகளோடு பின்பருவ அழுகல் நோய் ஊரூராகப் போய்ச் சேர்ந்தது. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்த, பூஞ்சை போன்ற அதே உயிரி. இலையில் எண்ணெய் பட்டதுபோல ஒரு கருந்திட்டு, அடியில் வெண்பூஞ்சை, சில நாளில் முழு வரிசையும் வெந்தாற்போல நிற்கும். இயற்கை முறைப் பண்ணைகளுக்கு முன்கூட்டித் தெளிக்கச் செம்பு மருந்து தவிர வேறு வழி இல்லை. நோய் வந்தபின் அதுவும் உதவாது. பலர் காய்த்துத் தொங்கிய செடிகளை வேரோடு பிடுங்கி மூடிப் புதைத்தார்கள். ஆகஸ்டில் தக்காளி இல்லாத பங்கு என்பது அந்த ஊர்க்காரர்களுக்கு மாங்காய் இல்லாத சித்திரை மாதிரி. சந்தையை நம்பிய விவசாயிக்கு அந்த ஆண்டின் பெரிய வருமானம் ஒரே வாரத்தில் போயிற்று. பங்குப் பண்ணைகளில் பணம் மே மாதமே வந்திருந்தது. தக்காளி போனது, கீரையும் வெங்காயமும் கேரட்டும் கொட்டகைக்கு வந்துகொண்டே இருந்தன.

அப்படியென்றால் உறுப்பினர் ஏமாற்றப்படவில்லையா? கொடுத்த பணத்துக்குப் பொருள் வரவில்லையே? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கடைக்காரரிடம் முன்பணம் கொடுத்துச் சரக்கு வரவில்லை என்றால் நாம் திருப்பிக் கேட்போம். ஆனால் இங்கே வாங்கப்பட்டது இத்தனை கிலோ தக்காளி என்று யாரும் எழுதித்தரவில்லை; ஒரு பருவத்து உழவு வாங்கப்பட்டது. நாற்பது வகைப் பயிர் இருக்கிற வயலில் ஒன்றிரண்டு பொய்த்தாலும் பங்கு வெறுமையாவதில்லை. மழை கெடுத்த ஆண்டு சில கீரைகளுக்கு நல்ல ஆண்டாகவும் இருக்கும். இதைவிட முக்கியமானது, நட்டம் எப்படிப் பிரிகிறது என்பது. ஒரு விவசாயியின் தலையில் விழுந்தால் நிலத்தை விற்க வைக்கும் நட்டம், நூறு வீட்டில் பிரிந்தால் சில வாரத்துக்குத் தக்காளி இல்லாத சமையல். அளவு ஒன்றுதான், தாங்கும் தோள்களின் எண்ணிக்கை வேறு. உழவர் சந்தையே போதாதா என்று கேட்கும் நண்பர்களுக்கும் இதே பதில். 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகள் இடைத்தரகரை அகற்றியது பெரிய காரியம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பறித்து மூட்டைகட்டிக் கொண்டுவந்தபின் விற்காமல் போகிற அபாயம் அங்கேயும் விவசாயியின் மடியில்தான் இருக்கிறது. மழை பெய்து வாங்க ஆள் வராத காலையில் பறிப்புக் கூலி அவருடையது.

இதுவரை சொன்னதெல்லாம் கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் பங்கீடு என்றாலே நீதி ஆகிவிடாது என்பது தஞ்சாவூர்க் களங்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அங்கேயும் விளைச்சல் பங்குதான் போடப்பட்டது. நிலக்காரருக்கு மேல்வாரம், பயிரிட்டவருக்குக் குடிவாரம், அறுத்தவர்களுக்குக் களத்துக் கூலி. மரக்கால் யார் கையில் இருந்தது என்பதைப் பொறுத்துப் பொலி உயர்ந்தது அல்லது தேய்ந்தது. ஆகவே சமூகம் தாங்கும் வேளாண்மையின் மேல் வைக்கப்படும் மிகக் கனமான குற்றச்சாட்டு இதுதான்: சமூகம் பண்ணையைத் தாங்குகிறது சரி, பறிக்கிறவரை யார் தாங்குகிறார்? ரயன் கால்ட் என்ற ஆய்வாளர் கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்குப் பகுதியில் இத்தகைய 54 பண்ணைகளின் கணக்கை ஆராய்ந்து 2013இல் எகனாமிக் ஜியாகிரஃபி இதழில் ஒரு கட்டுரை எழுதினார். உறுப்பினரோடு உள்ள உறவு இருபக்கமும் கூரான கத்தி என்பது அவர் கண்டது. முகம் தெரிந்தவர்கள், நம்மை நம்பி முன்பணம் கொடுத்தவர்கள் என்ற எண்ணம் விவசாயியைப் பங்கின் விலையை உயர்த்தவிடாமல் தடுக்கிறது. கூடையை இன்னும் கொஞ்சம் நிரப்பச் சொல்கிறது. குறைந்த விலைக்கும் நிறைந்த கூடைக்கும் இடையில் உள்ள பள்ளத்தை அவர் தன் உடம்பைப் போட்டு நிரப்புகிறார். பக்கத்துக் கடையின் விலையைப் பார்த்துப் பங்கு விலையை வைக்கிற பண்ணையில், தன் கூலி என்று ஒரு வரி கணக்கில் எழுதப்படுவதே இல்லை. விவசாயிக்கே இப்படி என்றால் அவரிடம் வேலைக்கு வந்தவர் நிலை? அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டு நியாயமான உழைப்புத் தரச் சட்டம் விவசாயத் தொழிலாளரை வெளியே நிறுத்தித்தான் எழுதப்பட்டது. 1966 திருத்தம் பெரிய பண்ணைகளுக்குக் குறைந்தபட்சக் கூலியைக் கொண்டுவந்தது. சிறு பண்ணைகளுக்கு விலக்கு நீடித்தது. கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் கூலி என்ற விதி கூட்டாட்சிச் சட்டத்தில் இன்றும் வயலுக்குப் பொருந்தாது. இந்த விலக்குகளின் நிழலில்தான் கீரைக்கட்டு கட்டப்படுகிறது. உழவு கற்க வந்த இளைஞருக்குத் தங்குமிடமும் சாப்பாடும் சிறு உதவித்தொகையும் கொடுத்து முழுப் பருவத்து அறுவடையை முடித்துக்கொள்ளும் பண்ணைகள் உண்டு.

இந்தக் குற்றச்சாட்டுக்கு இயக்கத்தின் ஆதரவாளர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில், உறுப்பினர்களே வந்து பறிக்கிறார்கள் என்பது. சில பண்ணைகளில் பருவத்துக்கு இத்தனை மணிநேரம் வேலை செய்வது பங்கின் ஒரு பகுதி. ஜப்பானிலும் நுகர்வோர் களையெடுக்கவும் அறுக்கவும் போவது வழக்கம். அமெரிக்காவில் சி.எஸ்.ஏ. தொடங்குவதற்கு முன்பே அலபாமாவின் டஸ்கீகி கல்வி நிறுவனத்தில் புக்கர் டி. வாட்லி சிறு கறுப்பின விவசாயிகளுக்கு இதைவிட நேரான வழி ஒன்றைச் சொல்லியிருந்தார். வாடிக்கையாளரை உறுப்பினர் சங்கமாகச் சேருங்கள், ஆண்டுச் சந்தாவை முன்கூட்டி வாங்குங்கள், பறிப்பதை அவர்களிடமே விட்டுவிடுங்கள். கடன் தர மறுக்கப்பட்டு நிலத்தை இழந்துகொண்டிருந்த மக்களுக்கு அறுவடைச் செலவே பெரிய சுமை என்பதை அவர் கண்டிருந்தார்; சி.எஸ்.ஏ. வரலாறு எழுதப்படும்போது சுவிட்சர்லாந்தும் ஜப்பானும் முதலில் வந்து வாட்லி பின்னால் வருவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆனால் உறுப்பினர் உழைப்பு ஒரு முழுப் பதில் ஆகாது. வாரத்துக்கு இரண்டு மணிநேரம் பீன்ஸ் பறிக்கிறவர் பீன்ஸ் பறிப்பதில் உள்ள பொறுமையை அறிந்துகொள்வார், அதன் மதிப்பை உணர்வார்; அது நல்லது. செடிக்கு நோகாமல் வேகமாகப் பறிக்கும் கை வேறு. அந்தக் கைக்குப் பல பருவம் ஆகும், அந்தக் கைக்கு வாடகையும் மருத்துவச் செலவும் இருக்கின்றன. ஆகவே என் முடிவு இது: பறிக்கிறவரின் கூலியும் விவசாயியின் சொந்தக் கூலியும் செலவுப் பட்டியலில் முழுசாக எழுதப்பட்டு உறுப்பினர் முன் வைக்கப்படாத பண்ணை, சமூகம் தாங்கும் பண்ணை என்று தன்னைச் சொல்லிக்கொள்ளக் கூடாது. டெம்பிள்-வில்டன் கூட்டத்தில் தொகை குறைந்தால் மறுசுற்று வருவதன் நியாயம் அதில் இருக்கிறது. குறைவதைக் கூலியில் கழித்துக்கொள்வோம் என்று யாரும் சொல்லிவிட முடியாதபடி எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முழுக்கூலி சேர்த்தால் பங்கு விலை ஏறும், ஏழைகள் எப்படி வாங்குவார்கள் என்பது அடுத்த மறுப்பு. இது வசதியுள்ளவர்களின் ஏற்பாடு என்ற விமரிசனம் பெருமளவு சரியானதே. மே மாதத்தில் மொத்தமாகச் சில நூறு டாலர் எடுத்துவைக்க முடிகிறவர்கள் யார்? அரசின் உணவு உதவி பெறும் குடும்பங்கள் தங்கள் உதவி அட்டையைக் கொண்டு இத்தகைய பண்ணையில் பங்கு வாங்க 2014 வேளாண் சட்டம் வழிசெய்தது. ஆனாலும் காய் கைக்கு வருவதற்கு 14 நாளுக்கு மேல் முன்னதாகப் பணம் எடுக்கக் கூடாது என்பது விதி. முன்பணம்தான் ஏற்பாட்டின் உயிர் என்றால் அந்த உயிர்நாடியில் ஏழைகள் சேர முடியாது. வருமானத்துக்கேற்ற ஏறுவரிசை விலை, மறுசுற்று வாக்குறுதி இரண்டும் இதைத் தணிக்கின்றன, தீர்க்கவில்லை. கூலியைக் குறைத்து ஏழைக்கு மலிவாகத் தருவது என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. ஓர் ஏழையின் முதுகை வளைத்து இன்னோர் ஏழையின் தட்டை நிரப்பும் வேலையை மண்டி ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. விலையின் பெரும் பாரம் நிலத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ராபின் வான் என் 1997இல் நடுவயதிலேயே இறந்தபின் இந்தியன் லைன் நிலம் விற்பனைக்கு வந்தது. 1999இல் அப்பகுதியின் சமூக நில அறக்கட்டளையும் நேச்சர் கன்சர்வன்சியும் சேர்ந்து அதைக் காப்பாற்றின. உழுகிறவர்களுக்கு 99 ஆண்டுக் குத்தகை கிடைத்தது. நிலக்கடனின் வட்டி பங்கு விலையிலிருந்து இறங்கினால் அங்கே கூலிக்கு இடம் உண்டாகிறது.

அண்மை ஆண்டுகளில் வேறு ஒரு மாற்றம் நடக்கிறது, அதை நான் கவலையோடு பார்க்கிறேன். அமெரிக்க வேளாண் துறையின் 2015 கணக்கெடுப்பில் 7,398 பண்ணைகள் இந்த வழியில் விற்பதாகப் பதிந்தன. அந்தப் பெயரின்கீழ் இப்போது பல வகை வந்துவிட்டன: கைப்பேசியில் வேண்டியதைத் தேர்ந்து வேண்டாததை நீக்கிக்கொள்ளலாம், போன வாரம் பிடிக்காவிட்டால் இந்த வாரம் நிறுத்தலாம், பெட்டி வாசலுக்கு வரும். உறுப்பினரைத் தக்கவைக்க இது தேவை என்று பண்ணைகள் சொல்வது புரிகிறது. சுக்கினி சலிப்பு உண்மையானதுதான். ஆனால் முந்தின இரவு வந்து சேரும் தேர்வுப் பட்டியலைப் பார்த்து மறுநாள் அறுக்கப் போகிறவரின் கேள்வி என்ன? எது பதமாகியிருக்கிறது என்பது இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது. யாரும் தேர்ந்தெடுக்காத முள்ளங்கி வரிசை மண்ணிலேயே முற்றி வெடிக்கிறது. விலை திரும்ப வரவில்லை, ஆனால் விலை செய்துகொண்டிருந்த வேலையை விருப்பம் செய்யத் தொடங்குகிறது. இரண்டு மூன்று பொருளைப் பங்குதாரர் மாற்றிக்கொள்ள ஒரு மாற்றுக்கூடையைக் கொட்டகை மூலையில் வைக்கும் பழைய வழக்கம் இதைவிட மேலானது. அதில் ஒருவர் வேண்டாமென்று வைத்ததை இன்னொருவர் வேண்டுமென்று எடுக்கிறார். வயலில் எதுவும் பறிக்கப்படாமல் நிற்பதில்லை.

பெர்க்‌ஷயரில் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ ஒரு நாள் முதல் உறைபனி எச்சரிக்கை வரும். அட்டவணையில் இருக்கும் அறுவடை நாள் எதுவானாலும் அன்று மாலைதான் அறுவடை. உறுப்பினருக்குச் சொல்லியனுப்புவார்கள், வரமுடிந்தவர்கள் வேலைவிட்டு நேராக வயலுக்கு வருவார்கள். இருட்டுவதற்குள் மிளகாய், கத்திரி, துளசி இனத்துக் கீரை, பழுக்காமல் நிற்கும் தக்காளி எல்லாவற்றையும் செடியிலிருந்து இறக்க வேண்டும். விடிந்தால் அத்தனையும் கறுத்துத் தொய்ந்துவிடும். கேரட்டும் கேல் கீரையும் அப்படியே நிற்கலாம், குளிர் அவற்றை இனிப்பாக்கும். விளக்கு வெளிச்சத்தில் கூடைகள் கொட்டகைக்கு வந்துகொண்டே இருக்கும். பச்சைத் தக்காளிக்குச் சந்தையில் பெரிதாக விலை இல்லை, அதை இறக்கக் கூலி கொடுக்க எந்த மண்டியும் சொல்லாது. மறுநாள் கரும்பலகையில் மற்றப் பயிர்களுக்கு எதிரே எண்கள் இருக்கும். பச்சைத் தக்காளிக்கு எதிரே மட்டும் எண் இருக்காது. வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கும்.